பிரெஞ்சு வினைச்சொற்களை அசையாகவும் உறுப்பாகவும் பிரிக்கும் முறை

பிரெஞ்சு வினைச்சொல் ஒன்றைப் பிரித்துக் காட்டு என்று கேட்டால் மூன்று வேறு விடைகள் சொல்லலாம். மூன்றும் சரியாகவே இருக்கும். எழுதிய வடிவத்தை அசைகளாகப் பிரிப்பது ஒன்று. பேசும்போது காதில் விழும் அசைகளைப் பிரிப்பது மற்றொன்று. பகுதி, விகுதி, காலம் காட்டும் இடைநிலை ஆகிய உறுப்புகளைப் பிரிப்பது மூன்றாவது. புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் விதிகள் கடினமானவை என்பதால் அன்று. இந்த மூன்றையும் ஒரே கோட்டில் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்து, பிறகு ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

அசைக்கோடும் உறுப்புக்கோடும் வெவ்வேறு இடத்தில் விழுவது தமிழருக்குப் புதிதன்று. ‘படித்தான்’ என்பதைப் பள்ளியில் படி + த் + த் + ஆன் என்று பிரித்தோம்; நாவோ அதனை ப / டித் / தான் என்று உடைக்கிறது. இடைநிலையாகிய இரண்டாம் தகரம் விகுதியின் உயிரோடு சேர்ந்து ஓர் அசையாகிவிடுகிறது. பிரெஞ்சிலும் நிகழ்வது இதுதான். ஆனால் இங்கே அசை என்று சொல்வது ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலித்துண்டை மட்டுமே. இரண்டு குறில்கள் சேர்ந்து நிரையசையாகும் யாப்பிலக்கணக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது.

இனி, குறியீடுகள். ஒற்றை மேற்கோளுக்குள் வரும் பிரெஞ்சுச் சொல் அதன் ஒலிப்பைக் காட்டும். எழுத்துக்கூட்டல், ஆங்கில அகரவரிசையின் பெயர்களால் இடையே சிறுகோடு இட்டுத் தரப்படும். டி என்பது அவ்வரிசையின் நான்காம் எழுத்து, டீ என்பது இருபதாம் எழுத்து. பி இரண்டாம் எழுத்து, பீ பதினாறாம் எழுத்து. ஈ என்னும் எழுத்தின் தலையில் வலப்புறம் உயரும் சாய்வுக்குறி இருந்தால் ‘எகு ஈ’ என்றும், இடப்புறம் உயரும் குறி இருந்தால் ‘கிராவ் ஈ’ என்றும் எழுதுவோம். ஒலிப்பில் ஓன், ஆன் என்று வருபவை மூக்கொலி உயிர்கள். அவற்றின் னகரம் தனியே ஒலிக்காது. அசைக்கோட்டுக்குச் சாய்கோடும் உறுப்புக்கோட்டுக்குக் கூட்டல் குறியும் பயன்படும்.

முதல் படி: உறுப்புகளைக் கண்டுபிடித்தல்

உறுப்பை ஒரே ஒரு சொல்லைப் பார்த்துப் பிரிக்க முடியாது. வடிவங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால்தான் மாறாத பகுதியும் மாறும் ஈறும் தெரியும். ‘மூடு’ என்று பொருள்படும் ‘ஃபெர்மே’ என்னும் வினையை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். அதன் அகராதி வடிவம் எஃப்-ஈ-ஆர்-எம்-ஈ-ஆர். நிகழ்காலத்தில் எஃப்-ஈ-ஆர்-எம் என்ற நான்கு எழுத்துகளும் எல்லா இடத்திலும் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்குப் பின் தன்மை ஒருமையில் ஈ, முன்னிலை ஒருமையில் ஈ-எஸ், படர்க்கை ஒருமையில் ஈ, தன்மைப் பன்மையில் ஓ-என்-எஸ், முன்னிலைப் பன்மையில் ஈ-இசட், படர்க்கைப் பன்மையில் ஈ-என்-டீ என்று ஈறுகள் மாறுகின்றன. மாறாத நான்கெழுத்து பகுதி. மாறும் ஈறு விகுதி. பிரெஞ்சு வகுப்பறையில் முன்னதை ‘ராடிகால்’ என்றும் பின்னதை ‘தெர்மினெஸோன்’ என்றும் சொல்வார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாளில் ஆறு வடிவங்கள் இருந்தாலும் அவற்றில் நான்கு ‘ஃபெர்ம்’ என்று ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஈ, ஈ-எஸ், ஈ-என்-டீ ஆகிய விகுதிகள் எழுத்துக்கு மட்டும் உரியவை. பேச்சில் அவை சுழியம். எனவே ‘பேச்சு வடிவத்தை உறுப்புகளாகப் பிரி’ என்று பயிற்சி வந்தால், அந்த நான்கிலும் விகுதி இல்லை என்றே எழுத வேண்டும்.

ஆம்பர்ஃபே எனப்படும் தொடர் இறந்தகாலத்தில் இடைநிலை தெளிவாகத் தெரியும். தன்மை ஒருமை எஃப்-ஈ-ஆர்-எம் + ஏ-ஐ + எஸ். தன்மைப் பன்மை எஃப்-ஈ-ஆர்-எம் + ஐ + ஓ-என்-எஸ். நடுவில் நிற்கும் ஏ-ஐ, ஐ ஆகிய இரண்டும் ஒரே இடைநிலையின் இரு வடிவங்கள். ஓ-என்-எஸ், ஈ-இசட் ஆகிய ஒலிக்கும் விகுதிகளுக்கு முன் குறுகிய வடிவமும், மற்ற நான்கு இடங்களில் நீண்ட வடிவமும் வரும். பல பாடநூல்கள் இடைநிலையையும் விகுதியையும் சேர்த்து ஒரே ஈறாகக் கொடுத்துவிடுகின்றன; மனப்பாடத்துக்கு அது வசதிதான். ஆனால் பிரித்துப் பார்த்தவருக்குக் கிடைக்கும் பயன் பெரிது. ‘கத்து’ என்று பொருள்படும் ‘க்ரியே’ (சி-ஆர்-ஐ-ஈ-ஆர்) என்னும் வினையின் பகுதி சி-ஆர்-ஐ. நிகழ்காலத் தன்மைப் பன்மை சி-ஆர்-ஐ + ஓ-என்-எஸ். தொடர் இறந்தகாலத்தில் அதுவே சி-ஆர்-ஐ + ஐ + ஓ-என்-எஸ். இரண்டும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். அடுத்தடுத்து இரண்டு ஐ வருவது அச்சுப்பிழை போலத் தோன்றுவதால் புதியவர்கள் ஒன்றை அடித்துவிடுவார்கள். முதல் ஐ பகுதியுடையது, இரண்டாவது இடைநிலை என்று அறிந்தவர் அடிக்கமாட்டார்.

எதிர்காலத்தின் ஈறுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. இலத்தீன் மொழியின் பிற்காலப் பேச்சு வழக்கில், வினையின் அகராதி வடிவத்துக்குப் பின் ‘உடைத்தாயிரு’ என்னும் துணைவினையைச் சேர்த்து எதிர்காலத்தைச் சொல்லும் பழக்கம் தோன்றியது. அந்தத் துணைவினையே தேய்ந்து விகுதியாயிற்று. அதனால்தான் எதிர்கால விகுதிகளான ஏ-ஐ, ஏ-எஸ், ஏ, ஓ-என்-எஸ், ஈ-இசட், ஓ-என்-டீ ஆகியவை ‘அவ்வார்’ என்னும் அத்துணைவினையின் இன்றைய நிகழ்கால வடிவங்களின் ஈறுகளை அப்படியே ஒத்திருக்கின்றன. ‘நான் மூடுவேன்’ என்பது எஃப்-ஈ-ஆர்-எம்-ஈ-ஆர் + ஏ-ஐ என்று பிரியும். முதல் துண்டை எதிர்காலப் பகுதி என்று ஒரே அலகாக வைத்துக்கொள்வதே தொடக்க நிலையில் நல்லது. சிலர் அதனையும் எஃப்-ஈ-ஆர்-எம் + ஈ-ஆர் என்று உடைப்பார்கள், தவறில்லை. ஆனால் ‘இரு’ வினையின் எஸ்-ஈ-ஆர், ‘போ’ வினையின் ஐ-ஆர் போன்ற ஒழுங்கற்ற எதிர்காலப் பகுதிகள் வரும்போது அந்த உடைப்பு கைகொடுக்காது. எந்த எதிர்காலப் பகுதியாயினும் ஆர் என்னும் எழுத்தில் முடியும் என்பது மட்டும் விலக்கில்லாத அடையாளம்.

இவ்விரண்டு காலங்களையும் பிரிக்கத் தெரிந்தால் நிபந்தனை வடிவம் தானாக வந்துவிடும். எதிர்காலப் பகுதி, அதன் பின் தொடர் இறந்தகால இடைநிலை, அதன் பின் விகுதி: எஃப்-ஈ-ஆர்-எம்-ஈ-ஆர் + ஐ + ஓ-என்-எஸ். ‘மூடுவோம்’ என்பது ‘மூடியிருப்போம்’, ‘மூடுவோமே’ என்ற சாயல் பெறுவது, எதிர்காலத்தின் ரகரமும் இறந்தகாலத்தின் ஐ எழுத்தும் ஒரே சொல்லில் சேர்ந்து நிற்பதால்தான்.

இரண்டாம், மூன்றாம் வகை வினைகளில் பகுதி

ஈ-ஆர் என்று முடியும் வினைகளே மொழியில் மிகப் பெரும்பான்மை என்பதால் மேலே சொன்னது பெரும்பாலான இடங்களுக்குப் போதும். ஐ-ஆர் என்று முடியும் இரண்டாம் வகை வினைகளில் ஒரு கூடுதல் உறுப்பு நுழைகிறது. ‘முடி’ என்று பொருள்படும் ‘ஃபினீர்’ என்பதன் ஒருமை எஃப்-ஐ-என்-ஐ + எஸ். பன்மையோ எஃப்-ஐ-என்-ஐ + எஸ்-எஸ் + ஓ-என்-எஸ். நடுவில் வரும் இரட்டை எஸ், இலத்தீனில் ஒரு செயல் தொடங்குவதைக் குறித்த ஓர் ஒட்டின் எச்சம். இன்று அதற்குத் தனிப்பொருள் இல்லை. பன்மை நிகழ்காலத்திலும் தொடர் இறந்தகாலத்திலும் அது வரும், எதிர்காலத்தில் வராது. ‘புறப்படு’ என்று பொருள்படும் ‘பர்தீர்’ போன்ற மூன்றாம் வகை வினைகள் ஐ-ஆர் என்று முடிந்தாலும் இந்த இரட்டை எஸ்ஸை ஏற்பதில்லை. ஆகவே தன்மைப் பன்மையை ஒருமுறை பார்த்துவிட்டே வகையைத் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாம் வகையில் பகுதியே உருமாறும். ‘உறங்கு’ வினையின் ஒருமை டி-ஓ-ஆர் + டீ. பன்மை டி-ஓ-ஆர்-எம் + ஈ-என்-டீ. பேச்சில் முன்னது ‘தோர்’, பின்னது ‘தோர்ம்’. விகுதிகள் இரண்டும் ஊமையாகிவிட்ட நிலையில், ஒருமையா பன்மையா என்பதைக் காதுக்குச் சொல்வது பகுதியின் கடைசி மகரம் மட்டுமே. ‘குடி’ வினைக்கு மூன்று பகுதிகள்: ஒருமையில் பி-ஓ-ஐ, தன்மை முன்னிலைப் பன்மையில் பி-யு-வி, படர்க்கைப் பன்மையில் பி-ஓ-ஐ-வி. தொடர் இறந்தகாலப் பகுதியை எப்போதும் தன்மைப் பன்மையிலிருந்து எடுக்கலாம். இதற்கு ‘இரு’ என்னும் ‘எத்ர்’ ஒன்றே விலக்கு.

‘வா’ வினையின் எதிர்காலப் பகுதி வி-ஐ-ஈ-என்-டி-ஆர். இதில் உள்ள டி எழுத்து அகராதி வடிவத்தில் இல்லை. பழைய வடிவத்தில் னகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையே இருந்த உயிர் மறைந்தபோது இரண்டு மெய்களும் நேரே மோதின. அந்த இடைவெளியை நிரப்ப நாவே உண்டாக்கிய எழுத்து அது. நம் இலக்கணத்தின் சொல்லால் இதைச் சந்தி எனலாம். பிரிக்கும்போது அதைத் தனி உறுப்பாக்காமல் பகுதியோடு சேர்த்து வைப்பதே சரி.

இரண்டாம் படி: எழுத்தசை

உறுப்பைக் கண்டுபிடிக்கப் பொருளும் ஒப்பீடும் தேவைப்பட்டன. எழுத்தசைக்கு அவை வேண்டியதில்லை. இது முழுக்க எழுத்துக் கணக்கு. சொல்லில் ஒலிக்கிறதோ இல்லையோ, உயிர்க்குறியோ உயிர்க்குறிக் கூட்டமோ ஒன்று இருந்தால் அங்கே ஓர் எழுத்தசை உண்டு. ஒரு உயிரொலியைக் குறிக்கச் சேர்ந்து வரும் ஏ-ஐ, ஓ-யு, ஈ-ஏ-யு போன்றவை ஒன்றாகவே எண்ணப்படும்.

இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரே மெய் இருந்தால் அது பின் அசைக்குப் போகும்: ‘அழைத்துச் செல்’ என்னும் வினை எம்-ஈ / என்-ஈ-ஆர். இரண்டு மெய்கள் இருந்தால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே: எஃப்-ஈ-ஆர் / எம்-ஈ-ஆர். இரட்டித்த மெய்யும் இப்படியே பிரியும்: எஃப்-ஐ / என்-ஐ-எஸ் / எஸ்-ஓ-என்-எஸ். ஆனால் ஒரு மெய்யை அடுத்து எல் அல்லது ஆர் வந்து கூட்டெழுத்தாக ஒலித்தால் அந்த இணையைப் பிரிக்கக் கூடாது. ‘காட்டு’ வினை எம்-ஓ-என் / டீ-ஆர்-ஈ-ஆர் என்றுதான் பிரியும். சி-எச், ஜி-என், பீ-எச், டீ-எச் ஆகியவை எழுத்தில் இரண்டாயினும் ஒலியில் ஒன்றே. ஆதலால் ‘வெற்றி பெறு’ வினை ஜி-ஏ / ஜி-என்-ஈ-ஆர். மூன்று மெய்கள் தொடர்ந்து வந்து, அவற்றின் கடைசி இரண்டும் மேற்சொன்ன இணையாக இல்லாவிட்டால் முதல் இரண்டும் முன் அசையோடு நிற்கும்: ‘எண்ணு’ வினை சி-ஓ-எம்-பீ / டீ-ஈ-ஆர்.

இப்போது எஃப்-ஈ-ஆர்-எம் + ஓ-என்-எஸ் என்ற உறுப்புப் பிரிப்பின் கீழே எஃப்-ஈ-ஆர் / எம்-ஓ-என்-எஸ் என்ற அசைப் பிரிப்பை எழுதிப் பார்த்தால், பகுதியின் கடைசி மெய் எல்லை தாண்டி விகுதியின் அசைக்குள் போயிருப்பது தெரியும். உயிரில் தொடங்கும் விகுதி எங்கே வந்தாலும் இந்தத் தாண்டல் நிகழும். இந்த இடத்தை நினைவில் வையுங்கள். பிரெஞ்சு எழுத்திலக்கணத்தின் பெரும் தொல்லைகள் எல்லாம் இங்கேதான் குடியிருக்கின்றன.

மூன்றாம் படி: தாண்டும் இடத்தில் எழுத்து மாறுவது

பிரெஞ்சில் ஈ என்னும் எழுத்து ‘எ’ போலவோ ‘ஏ’ போலவோ முழுமையாக ஒலிக்க வேண்டுமானால் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதே எழுத்தசையில் அதன் பின் ஒரு மெய் நின்று அசையை அடைக்க வேண்டும். எஃப்-ஈ-ஆர் / எம்-ஈ-ஆர் என்பதன் முதல் அசையை ஆர் அடைக்கிறது. ஆகவே ஈ தலையில் குறி எதுவும் இல்லாமலேயே ‘ஃபெர்’ என்று ஒலிக்கிறது. அசை அடைபடாமல் ஈ எழுத்திலேயே முடிந்தால், தலைக்குறி இட்டால்தான் அது முழுமையாக ஒலிக்கும். குறியில்லாவிட்டால் அது ஊமை ஈ ஆகிவிடும். தலைக்குறி எங்கே வேண்டும், எங்கே கூடாது என்று சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்பவர்கள் எழுத்தசையைப் பிரித்துப் பார்த்தால் பாதிச் சுமை குறையும் என்பது என் கருத்து.

இதை வினைத்திரிபில் பொருத்திப் பாருங்கள். எம்-ஈ / என்-ஈ-ஆர் என்பதில் முதல் ஈ ஊமை. அடுத்த அசை முழுமையாக ஒலிப்பதால் இடர் ஏதுமில்லை. ‘நான் அழைத்துச் செல்கிறேன்’ என்று மாறும்போது விகுதி வெறும் ஊமை ஈ. அப்போது எம்-ஈ / என்-ஈ என்று எழுதினால் இரண்டு அசைகளும் ஊமையாகிச் சொல்லே நிற்க முடியாது. ஆகவே முதல் ஈ கிராவ் குறி பெற்று எம்-கிராவ் ஈ / என்-ஈ ஆகிறது. ‘வாங்கு’ வினையும் இப்படியே: ஏ / சி-எச்-ஈ / டீ-ஈ-ஆர் என்பது ஏ / சி-எச்-கிராவ் ஈ / டீ-ஈ ஆகும்.

‘அழை’ என்னும் பொருளுடைய ‘அப்லே’ வேறு வழியைப் பிடிக்கிறது. ஏ-பீ / பீ-ஈ / எல்-ஈ-ஆர் என்பதில் எல் இரட்டித்து, ஏ-பீ / பீ-ஈ-எல் / எல்-ஈ ஆகிறது. முதல் எல் வந்து அசையை அடைப்பதால் தலைக்குறி தேவைப்படவில்லை. குறியிடுவதும் மெய்யை இரட்டிப்பதும் ஒரே நோயின் இரண்டு மருந்துகள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. எந்த வினைக்கு எந்த மருந்து என்பதுதான் பழைய எழுத்துமுறையின் தலைவலி. 1990 டிசம்பர் 6 அன்று பிரெஞ்சு அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தங்கள், ஈ-எல்-ஈ-ஆர், ஈ-டீ-ஈ-ஆர் என்று முடியும் வினைகளுக்கெல்லாம் கிராவ் குறியையே பொதுவாக்கி, ‘அழை’, ‘எறி’ ஆகிய இரண்டு வினைகளுக்கும் அவற்றின் குடும்பத்துக்கும் மட்டும் இரட்டிப்பை விட்டுவைத்தன. பழைய முறையும் தவறாகக் கருதப்படுவதில்லை. ஆகவே அச்சில் இரண்டு வடிவங்களையும் பார்க்க நேரும். ‘விட்டுக்கொடு’ வினையின் எதிர்காலத்தில் பழைய முறை எகு ஈயையும் புதிய முறை கிராவ் ஈயையும் எழுதுவதற்குக் காரணமும் இதே அசைக் கணக்குதான்: அடுத்த அசையில் இருப்பது ஊமை ஈ.

‘தின்’ வினையில் வேறு மாதிரி எழுத்து நுழைகிறது. எம்-ஏ-என்-ஜி என்ற பகுதியோடு ஓ-என்-எஸ் நேரே சேர்ந்தால் ஜி எழுத்து ககர ஒலி பெற்றுவிடும். அதைத் தடுக்க ஈ ஒன்று இடையே வருகிறது: எம்-ஏ-என் / ஜி-ஈ-ஓ-என்-எஸ். அந்த ஈ அசையும் அன்று, உறுப்பும் அன்று. ஜி எப்படி ஒலிக்க வேண்டும் என்று காட்டும் குறி மட்டுமே. அசை எண்ணும்போது அதைத் தவிர்த்துவிட வேண்டும். இடைநிலை ஐ வந்தால் ஜி தானாகவே மென்மையாக ஒலிக்கும்; ஆகவே அங்கே அந்த ஈ வராது. ‘தொடங்கு’ வினையில் சி எழுத்தின் அடியில் வால் போடுவதும் இதே வேலைக்குத்தான்.

ஒய் எழுத்து கொண்ட வினைகள் ஒரு வேடிக்கை. ‘துப்புரவு செய்’ வினையின் என்-ஈ-டீ-டீ-ஓ-ஒய் + ஓ-என்-எஸ் என்பதில் ஒய் இரண்டு ஐ எழுத்துகளின் வேலையைச் செய்கிறது: ஒன்று முன்னிருக்கும் ஓ எழுத்தோடு சேர்ந்து ‘வா’ என ஒலிக்கிறது, மற்றொன்று அடுத்த அசையின் யகரமாகிறது. ஒலிப்பு ‘நெ / த்வா / யோன்’. ஊமை விகுதி வந்தால் இரண்டாம் வேலை இல்லாமல் போகிறது. ஒய் சாதாரண ஐ எழுத்தாகிவிடுகிறது.

நான்காம் படி: ஒலியசை

இப்போது தாளை மூடிவிட்டுக் காதால் பிரிக்க வேண்டும். சொல்லின் இறுதி ஊமை ஈ போய்விடும். எழுத்தில் இரண்டு அசையாக இருந்த எஃப்-ஈ-ஆர் / எம்-ஈ-என்-டீ பேச்சில் ‘ஃபெர்ம்’ என்ற ஓரசையாகும். இதைச் சொல்லிக்கொடுக்கப் பிரெஞ்சுப் பள்ளிகளில் வழங்கும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு: மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன என்னும் வாக்கியம். அதில் ‘மடம்’ என்னும் பெயரும் ‘அடைகாக்கின்றன’ என்னும் வினையும் சி-ஓ-யு-வி-ஈ-என்-டீ என்று ஒரே எழுத்துக்கூட்டல் கொண்டவை. எழுத்தசையும் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் பெயர் ‘கூ / வான்’ என ஈரசை. வினை ‘கூவ்’ என ஓரசை. வினைக்கு மட்டும் ஈ-என்-டீ விகுதி என்று உறுப்பைப் பிரித்து அறிந்தவரே சரியாக வாசிப்பார்.

சொல்லின் நடுவே வரும் ஊமை ஈ எப்போது ஒலிக்கும், எப்போது விழும்? மொரிஸ் கிராமோன் என்னும் பிரெஞ்சு மொழியியலாளர் வகுத்த ‘மூன்று மெய் விதி’ இதற்கு நல்ல வழிகாட்டி: ஈயை நீக்கினால் மூன்று மெய்யொலிகள் ஒன்றாக நெருங்கும் என்றால் அது பெரும்பாலும் நிற்கும், இரண்டுதான் சேரும் என்றால் விழும். ‘கட’ என்று பொருள்படும் வினையின் எதிர்காலப் படர்க்கை எழுத்தில் பீ-ஏ-எஸ் / எஸ்-ஈ / ஆர்-ஏ என மூவசை. பேச்சில் ‘பஸ் / ரா’ என ஈரசையே. ‘மூடு’ வினையிலோ ஆர், எம், ஆர் மூன்றும் மோதும் என்பதால் ‘ஃபெர் / ம / ரா’ என மூன்று அசைகளும் நிற்கின்றன. நிபந்தனை வடிவத்தின் பன்மையில் ரகரத்தோடு யகரமும் சேர்வதால் ‘கட’ வினையிலும் ஈ மீண்டும் ஒலிக்கும்: ‘ப / ஸ / ர்யோன்’. இவை வட பிரான்சின் ஒலிப்பு வழக்கை ஒட்டியவை. தென் பிரான்சில் ஊமை ஈயைப் பெரும்பாலும் ஒலித்துவிடுவார்கள், அங்கே எழுத்தசைக் கணக்கும் ஒலியசைக் கணக்கும் நெருங்கி வரும்.

ஐ + ஓ-என்-எஸ், ஐ + ஈ-இசட் ஆகிய ஈறுகள் வழக்கமாக ஓரசை: ‘ஏறு’ வினையின் தொடர் இறந்தகாலத் தன்மைப் பன்மை ‘மோன் / த்யோன்’. ஆனால் முன்னால் மெய்யோடு ரகரமோ லகரமோ கூட்டாக நின்றால் யகரம் மட்டும் ஒட்டிக்கொள்ள இடமில்லை. ஓர் இகர உயிர் பிறந்து ஈறு இரண்டசையாகும். ‘காட்டு’ வினையில் அதே வடிவம் ‘மோன் / த்ரி / யோன்’. ஒரே ஒரு ஆர் எழுத்துதான் இரண்டு வினைகளுக்கும் வேறுபாடு. உறுப்புப் பிரிப்பு இரண்டிலும் ஒன்றே. ஒலியசை மட்டும் கூடிவிட்டது.

ஒலியசை சொல்லின் எல்லையையும் மதிப்பதில்லை. ‘அவன் திறக்கிறான்’ என்பது ‘ஈ / லூவ்ர்’ என்றும், ‘அவர்கள் திறக்கிறார்கள்’ என்பது ‘ஈல் / ஸூவ்ர்’ என்றும் பிரியும். வினை இரண்டிலும் ஒரே ஒலி. பன்மையைத் தெரிவிப்பது, முன் நிற்கும் பெயர்ச்சுட்டிலிருந்து வினையின் அசைக்குள் வந்து சேரும் அந்த அதிர்வுள்ள ஸகரம். வினாவில் வினைக்கும் ‘அவன்’ என்னும் சுட்டுக்கும் நடுவே சிறுகோடுகளுக்குள் நிற்கும் டீ எழுத்தும் விகுதி அன்று. இரண்டு உயிர்கள் மோதாதிருக்க வந்தது.

செவியால் மட்டும் எழுதுபவர் சிக்கும் இன்னோர் இடம் உண்டு. அகராதி வடிவமும் (ஈ-ஆர்), முன்னிலைப் பன்மையும் (ஈ-இசட்), எச்சம் போலப் பயன்படும் இறந்தகால வடிவமும் (எகு ஈ) மூன்றுமே ‘ஃபெர் / மே’ என்றுதான் ஒலிக்கும். ஒலியசை உதவாது. ‘வில்’ என்னும் மூன்றாம் வகை வினையை அதே இடத்தில் வைத்துப் பார்ப்பது வகுப்பறைகளில் வழங்கும் தீர்வு: அங்கே ‘வான்த்ர்’ பொருந்தினால் ஈ-ஆர், ‘வான்தே’ பொருந்தினால் ஈ-இசட், ‘வான்தூ’ பொருந்தினால் எகு ஈ.

வரிமுடிவிலும் செய்யுளிலும்

வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது எழுத்தசையே அளவுகோல். உறுப்புக்கோட்டில் உடைக்கக் கூடாது. அத்துடன் சில தடைகள் உண்டு. அடுத்தடுத்த இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே உடைக்கமாட்டார்கள்; ஆகவே ‘கத்து’ வினையின் அகராதி வடிவத்தை உடைக்கவே இடமில்லை. உயிர்களுக்கு நடுவே நிற்கும் எக்ஸ், ஒய் ஆகியவற்றின் முன்னும் பின்னும் உடைப்பதில்லை. மேற்சுழிக்குறிக்கு, அதாவது எழுத்து விழுந்த இடத்தில் மேலே இடும் அப்பாஸ்ட்ரஃபிக்கு, பின் உடைப்பதில்லை. தொடக்கத்தில் ஒற்றை எழுத்தை மட்டும் வரியில் விட்டுவிட்டு மீதியைக் கீழே இறக்குவதும் இல்லை. வினாவில் வரும் டீ எழுத்தைக் கீழ் வரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

மரபுச் செய்யுள் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. பன்னிரண்டு அசை கொண்ட அலெக்சாந்திரன் அடியில், மெய்க்கு முன் வரும் ஊமை ஈ எண்ணப்படும், உயிருக்கு முன் வருவது விழும், அடியின் இறுதியில் வருவது எண்ணப்படாது. ஈ-என்-டீ விகுதி உயிருக்கு முன் வந்தாலும், நடுவே டீ நிற்பதால் ஈ விழாமல் எண்ணப்படும். தொடர் இறந்தகாலத்தின் ஏ-ஐ + ஈ-என்-டீ மட்டும் அடியின் எந்த இடத்திலும் ஓரசையே.

ஒரு சொல்லை முழுதாகப் பிரித்தல்

‘நாங்கள் வாங்குவோமே’ என்னும் நிபந்தனை வடிவத்தை எடுத்துக்கொள்வோம். உறுப்பு: ஏ-சி-எச்-கிராவ் ஈ-டீ-ஈ-ஆர் + ஐ + ஓ-என்-எஸ்; எதிர்காலப் பகுதி, இடைநிலை, விகுதி. எழுத்தசை: ஏ / சி-எச்-கிராவ் ஈ / டீ-ஈ / ஆர்-ஐ-ஓ-என்-எஸ், நான்கு. மூன்றாம் அசையில் ஊமை ஈ இருப்பதால்தான் இரண்டாம் அசைக்குக் கிராவ் குறி வந்தது. ஒலியசை: ‘அ / ஷெ / த / ர்யோன்’, இதுவும் நான்கு, ரகர யகரக் கூட்டு வந்ததால் எழுத்தில் ஊமையாக நின்ற ஈ இங்கே ஒலித்துவிட்டது. உறுப்புக்கோடுகளில் முதலாவது ரகரத்துக்குப் பின் விழ, அசைக்கோடோ ரகரத்துக்கு முன்னே விழுகிறது. அதே வினையில் ‘அவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள்’ என்பதை இப்போது பிரித்துப் பாருங்கள்: ஏ-சி-எச்-ஈ-டீ + ஏ-ஐ + ஈ-என்-டீ என மூன்று உறுப்புகள்; ஏ / சி-எச்-ஈ / டீ-ஏ-ஐ-ஈ-என்-டீ என மூன்று எழுத்தசைகள், இரண்டாவதற்குத் தலைக்குறி இல்லை; பேச்சிலோ ‘அஷ் / தெ’ என இரண்டே அசைகள்.